கடலூர்–புதுச்சேரி ரோட்டில் தினமும் ஓட்ட பைக் வாங்கும்போது ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல், ரேடார் இதற்கெல்லாம் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் கல்லூரி போய்வரும் தம்பிக்கு வண்டி வாங்க வேண்டும், ஷோரூமில் ஏபிஎஸ் (பிரேக் அடித்தால் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்வது), டிராக்‌ஷன் கண்ட்ரோல், ரேடார் என்று அடுக்கி ஒவ்வொன்றுக்கும் விலையை ஏற்றிச் சொல்கிறார்கள், இதில் எது உயிரைக் காப்பாற்றும், எது வெறும் வியாபாரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூரில் ஒரு இருசக்கர வாகன சர்வீஸ் சென்டரில் வண்டியை வாங்கிக்கொண்டு ஜாப் கார்டு எழுதுகிற ஆள். விற்கும்போது என்ன சொல்லி விற்றார்கள் என்பது எனக்குத் தெரியாது. விற்று ஒரு வருடம் கழித்து அந்த வசதி என்ன நிலையில் இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

பிரேக் சம்பந்தப்பட்ட வசதிக்கு யோசிக்காமல் காசு கொடுக்கலாம். ‘பீப்’ என்று கத்தி எச்சரிக்கிற ரேடார் மாதிரி வசதி இந்த ரோட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

ரோடு அப்படி. மரப்பாலத்தில் ஆரம்பித்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில் என்று முள்ளோடை வரும்வரை ஊர் முடிந்தது என்று மூச்சுவிடுகிற இடமே குறைவு. கடை வாசலிலிருந்து பின்னால் வரும் கார், எதிர்த்திசையில் ஓரமாக வரும் டிவிஎஸ் பிஃப்டி, கரும்பு டிராக்டர், மாடு, ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுகப் போகும் மீன் வண்டி. இந்த ரோட்டில் ஒரு சாதனம் நேர்மையாக எச்சரிக்க ஆரம்பித்தால் வாயே மூடாது. ஒரு வாரத்தில் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும். எங்களிடம் இடித்துக்கொண்டு வரும் வண்டிகளின் கதையைக் கேட்டால் பெரும்பாலும், ‘பார்த்தேன் சார், பிரேக் அடிச்சேன், வழுக்கிடுச்சு’ என்றுதான் இருக்கும். பார்க்காமல் விட்டவர்களும் உண்டு. ஆனால் பார்த்த பிறகு விழுந்தவர்கள்தான் அதிகம்.

ஏபிஎஸ் கைகொடுப்பது அந்த இடத்தில்தான். முன் டிஸ்க்குக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டி ஓட்டைகளோ பற்களோ போட்ட ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருக்கும். அதை ஒட்டினாற்போல் ஒரு சென்சார். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கும். பிரேக் அடித்த வேகத்தில் சக்கரம் சட்டென்று நிற்கப் பார்த்தால், பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஏபிஎஸ் யூனிட் விட்டுப் பிடிக்கும், விட்டுப் பிடிக்கும், ஒரு விநாடிக்குள் பல தடவை. சக்கரம் உருண்டுகொண்டே வேகம் குறையும். காரில் முன் சக்கரம் லாக் ஆனால் கார் நேராக வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பைக்கில் முன் சக்கரம் லாக் ஆனால் ஆள் தரையில்.

இந்த பயத்தால் நம் ஊரில் பாதிப் பேர் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ‘முன் பிரேக் புடிச்சா தூக்கி அடிச்சிடும்’ என்று அப்பா சொல்லி, பிள்ளை கேட்டு வளர்ந்தது. ஆனால் வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பிரேக் அடித்ததும் எடை முழுக்க முன்னால் சாய்வதுதான் காரணம். பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவருக்கு நிற்பதற்கு ரொம்ப தூரம் வேண்டும். ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் முன் பிரேக்கை தைரியமாக, முழுசாக அழுத்தலாம். என்னைக் கேட்டால் அதன் பெரிய லாபம் இந்த தைரியம்தான்.

தவளக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் புது வண்டியோடு வந்தார். ‘தம்பி, பிரேக்ல கம்ப்ளெயின்ட் இருக்கு. நேத்து நாய் குறுக்க வந்துச்சு, அழுத்துனேன், லீவரு கைய உதைக்குது. கடகடன்னு சத்தம் வேற.’ விழுந்தீங்களாய்யா என்று கேட்டேன். ‘இல்லப்பா, நாயும் தப்பிச்சுது.’ அந்த உதைதான் ஏபிஎஸ், அது வேலை செய்ததால்தான் விழவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் முழுசாக நம்பினதாகத் தெரியவில்லை. தம்பிக்கு வண்டி வாங்கியதும் காலியான ஒரு மைதானத்தில் நாற்பது வேகத்தில் வந்து ஒருமுறை வேண்டுமென்றே முழுசாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். லீவர் துடிப்பது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் பயந்துபோய் நடுவில் பிடியை விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு, ஒரே மாடலில் ஏபிஎஸ் உள்ள பைக்கையும் இல்லாத பைக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தது. உள்ள வண்டிகள் உயிரிழப்பு விபத்தில் சிக்கிய விகிதம் 22 சதவீதம் குறைவு. எச்சரிக்கைச் சாதனம் எதற்கும் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

இந்த மாதிரி பாதுகாப்புச் சாதனங்களின் சந்தை வளர்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது யாரால் வளர்ந்தது என்று பாருங்கள். பிஎம்டபிள்யூ தன் கே100 பைக்கில் ஏபிஎஸ் கொடுத்தது 1988-ல். நம் தெருவில் பரவலாகப் பார்க்க முப்பது வருடம் ஆனது, அதுவும் சட்டம் போட்ட பிறகு. 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ், அதற்குள் ஏபிஎஸ் அல்லது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ் என்ற விதி, புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும் மற்ற எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலும் அமலானது. அதற்கு முன் ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது என்று ஒரே வண்டி இரண்டு விலையில் கிடைத்த காலத்தில், ‘இல்லாததே போதும் சார், அந்தக் காசுக்கு அலாய் வீல் போட்டுக்கறேன்’ என்றவர்கள்தான் அதிகம். வாடிக்கையாளர் கேட்டு வந்த வசதி இல்லை இது. இந்தியாவில் 2024-25-ல் விற்ற இருசக்கர வாகனங்கள் ஏறத்தாழ 1.96 கோடி. இத்தனை வண்டிக்கும் ஒரு சாதனம் கட்டாயம் என்று ஒரு வரி எழுதினால் சந்தை வளராமல் என்ன செய்யும்? 2026 ஜனவரியிலிருந்து எல்லா இருசக்கர வாகனத்துக்கும் ஏபிஎஸ், வாங்கும்போதே இரண்டு ஹெல்மெட் என்று ஒன்றிய அரசு 2025 ஜூனில் ஒரு வரைவு வெளியிட்டதே, அதிலும் கணக்கு இதுதான்.

அப்புறம், ஏபிஎஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரம் பழையபடி லாக் ஆகும், வண்டி வால் ஆட்டும். டூயல் சேனல் என்றால் இரண்டுக்கும். தினமும் ஹைவேயில் போகிற பையனுக்கு டூயல் சேனல் எடுங்கள். கலர், டிஜிட்டல் மீட்டர், புளூடூத் இதிலெல்லாம் குறைத்துக்கொண்டாவது எடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மணலிலும் ஜல்லியிலும் ஏபிஎஸ் வண்டி நிற்க இன்னும் கொஞ்சம் தூரம் எடுத்துக்கொள்ளும். ரோட்டு வேலை நடக்கும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் எம்-சாண்டில் அதை நம்பி வேகம் போகக் கூடாது.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் பின் சக்கரம் வெறுமனே சுற்றாமல் பார்த்துக்கொள்ளும். 150, 160 சிசி வண்டியில் காய்ந்த ரோட்டில் அதற்கு வேலையே வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டிலிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேலோ மீன் தண்ணீர் சிந்திய இடத்திலோ முறுக்கினால் வேலை வரும். வண்டியோடு சேர்ந்து வந்தால் சரி, அதற்காகவே மேல் மாடலுக்குப் போக வேண்டாம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்க்கிறீர்கள் என்றால் கதை வேறு. மோட்டார் முறுக்கிய உடனே முழு இழுவையையும் கொடுத்துவிடும், அதனால் ஈர ரோட்டில் இந்த வசதிக்கு மதிப்பு உண்டு. ஏத்தர் 2024-ல் கொண்டுவந்த ரிஸ்டா குடும்ப ஸ்கூட்டரிலேயே இது வந்துவிட்டது. வண்டி விழுந்தால் மோட்டாரை நிறுத்துகிற வசதியும் அதில் உண்டு.

வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்கிற கார்னரிங் ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் 2013-ல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் கொண்டுவந்தது. பத்து வருடத்தில் ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 310 வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஏற்காடு, கொல்லிமலை என்று சுற்றுகிறவருக்குப் பயன்படும். கல்லூரி போய்வரும் பையனுக்கு 310 சிசி எதற்கு என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து, நான் தலையிடவில்லை.

ரேடாருக்கு வருவோம். முன்னும் பின்னும் ரேடாரோடு முதலில் வந்த பைக் டுகாட்டியின் மல்ட்டிஸ்ட்ராடா வி4, 2020 கடைசியில். நம் நாட்டில் அல்ட்ரா வயலட் என்ற நிறுவனம் 2025-ல் எக்ஸ்-47 எலெக்ட்ரிக் பைக்கில் பின்பக்க ரேடாரைக் கொடுத்தது. முன் ரேடார் செய்வது, முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டு, அதன் வேகத்துக்கு ஏற்ப நம் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. லேன் பிடித்துப் போகும் ஊருக்குச் செய்தது. அரியாங்குப்பத்தில் நீங்கள் விடும் இடைவெளி ஒரு ஆட்டோ நுழைவதற்கான அழைப்பு. ஆட்டோ நுழைந்ததும் உங்கள் வண்டி வேகத்தைக் குறைக்கும், அதற்குள் ஆட்டோவுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டி வந்திருக்கும். பின்பக்க ரேடார் அந்த அளவுக்கு வீண் இல்லை. விழுப்புரம் போகும் நான்குவழிச் சாலையில், ராத்திரியில், கண்ணாடியில் விழாத மூலையிலிருந்து ஒரு கார் வந்தால் அது சொல்லும். கடலூர் ரோட்டில் மட்டும், பின்னால் வரும் பஸ் தானே ஏர் ஹாரனில் தகவல் சொல்லிவிடுகிறது.

ஸ்மார்ட் ஹெல்மெட் பற்றியும் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியிலேயே மேப்பும் பின்பக்க கேமராவும் தெரியும் என்று சொல்லி ஸ்கல்லி என்ற அமெரிக்க நிறுவனம் 2014-ல் மக்களிடமே 24 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2016-ல் திவால். பணம் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஹெல்மெட் வரவே இல்லை. ஏர்பேக் ஜாக்கெட் அப்படியில்லை, வேலை செய்கிற சாமான். மோட்டோ ஜிபி பந்தயத்தில் 2018 முதல் கட்டாயம். ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உங்கள் தம்பி கல்லூரி போவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாதாரண ஹெல்மெட்டுக்கு இவ்வளவு விளம்பரம் கிடையாது. போட்டிருந்தால் இறக்கும் வாய்ப்பு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. இந்தியாவில் 2022-ல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்பது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. நம் ஏரியாவில் இதிலும் எல்லைப் பிரச்சினை உண்டு. கடலூர் பக்கம் தலையில் இருக்கும் ஹெல்மெட், முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைந்ததும் டேங்க் மேலோ கண்ணாடியிலோ போய்த் தொங்கும். 2019 பிப்ரவரியில் புதுச்சேரித் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, முதல்வர் நாராயணசாமி ராஜ் நிவாஸ் வாசலில் உட்கார்ந்து நடத்திய தர்ணாவில் அதுவும் ஒரு காரணம். அந்த ரோட்டில் தினம் போகிற பையனுக்கு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள முழு முகம் மூடும் ஹெல்மெட்டை வாங்கிக் கொடுங்கள். பட்டையை மாட்டுகிறாரா என்று பாருங்கள். மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே தனியாக உருண்டு போகும்.

கடைசியாக என் வேலை சம்பந்தப்பட்டது. ஏபிஎஸ் லைட் எரிகிறது என்று வரும் வண்டிகளில் பெரிய கோளாறு அபூர்வம். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது சென்சார் ஒயர் இழுபட்டிருக்கும், அல்லது வளையம் லேசாக வளைந்திருக்கும், அல்லது வளையத்தின் ஓட்டைகளில் சேறும் இரும்புத் தூளும் கெட்டியாக அப்பியிருக்கும். தாழங்குடா, தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்து வண்டிகளில் உப்புக் காற்றில் துருவும் சேரும். நிறைய நேரம் ஒரு பழைய பிரஷ்ஷும் துணியும் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் உள்ளே ஏபிஎஸ் யூனிட்டே துருப்பிடிக்கும், அப்போது வரும் பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். லைட் எரிந்துகொண்டே ஓட்டினால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் இருக்காது.

பழைய வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால் இதை அங்கேயே பாருங்கள். சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் லைட் எரிய வேண்டும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் சென்சாரோ ஒயரோ போயிருக்கிறது, இல்லை முன் சக்கரத்தைத் தூக்கி வீலி அடிக்கிற பையன் யாரோ ஃபியூஸைப் பிடுங்கி வைத்திருக்கிறான். சாவி போட்டும் லைட் எரியவே இல்லை என்றால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள், அந்த வண்டி வேண்டாம்.