நம் ஆட்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தில் இப்போதெல்லாம் அஞ்சலிக் கட்டுரைகள் அதிகமாகிவிட்டன. சரோஜாதேவிக்கு எழுதியது சரி, அவர் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பளுதூக்கும் வீரர், வீடமைப்பு அதிகாரி, சீன ஓவியர் என்று முன்பின் பழகாதவர்களைப் பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள். அவர்களுக்கு ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுத ஆளில்லையா? நம் ஆட்கள் போனால் ஒரு நாள் செய்தி, அதோடு சரி. என் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர் சென்ற மாதம் காலமானார். எங்கும் ஒரு வரி இல்லை. மனம் கேட்காமல் எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் ஆசிரியரைப் பற்றிய வரிகள் கொஞ்சம் சுட்டன. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தப் பளுதூக்கும் வீரர்.

டான் ஹவ் லியாங் 2024 டிசம்பர் 3 அன்று 91 வயதில் இறந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று வகைத் தூக்குகளிலும் சேர்த்து 380 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். போட்டியின் நடுவே கால் வலி தாளவில்லை. மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள், அவர் மேடைக்குப் போனார். சிங்கப்பூருக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2008இல், பெய்ஜிங்கில்தான் கிடைத்தது. 48 வருட இடைவெளி.

இதெல்லாம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்ததுதான். நான் எழுதியதற்குக் காரணம் என் அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். டான் பேச்சு வந்தாலே, "அவன் ரெண்டு மூணு தடவ தூக்குனான், வெள்ளி குடுத்தாங்க. நான் காலையிலேர்ந்து தூக்குறேன், எனக்கும் வெள்ளிதான், நாலஞ்சு" என்பார். நம்மூரில் டாலரை வெள்ளி என்று சொல்வதால் வந்த நகைச்சுவை, ஊரில் உள்ள உறவினர்களுக்குச் சொன்னால் புரியாது. அப்பாவுக்குச் சீனம் ஒரு வார்த்தை வராது. ஆனாலும் டானை அவர் சொன்ன விதம் "நம்ம ஆளு". பதக்கம் வாங்கியவர் பிற்காலத்தில் உடற்பயிற்சிக் கூடத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார் என்று தெரிந்ததும் அந்த உறவு இன்னும் உறுதியாகிவிட்டது. "பாத்தியா, அவனும் வேலைக்குத்தான் போறான்."

லியூ தாய் கெர் கதை வேறு. 2025 ஜனவரி 18 அன்று போனார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் 20 ஆண்டுகள், அதில் கடைசிப் பத்தாண்டுகள் தலைமை நிர்வாகி. அவர் காலத்தில் எழுந்த வீடுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டவன் இல்லை. ஒரு கோடிப் பேருக்குத் திட்டமிட வேண்டும் என்று அவர் பேசியபோது, காலை எட்டு மணி எம்ஆர்டி ரயிலில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்று எரிச்சலோடு எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் இறந்த செய்தியைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது எங்கள் புளோக்கின் கீழ்த்தளம். அப்பாவை அங்கேதான் கிடத்தியிருந்தோம். தூணுக்குத் தூண் துணி கட்டி, நாற்காலி போட்டு, இரண்டு நாள். மேலே பன்னிரண்டு மாடி, நாலு மொழி. மின்தூக்கிக்குப் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். அங்கிருந்து மண்டாய் தகனச்சாலை. கீழ்த்தளத்தைக் காலியாக விட்டது லியூ ஒருவருடைய யோசனை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டை மட்டும் கட்டாமல், வீட்டுக்கு வெளியே மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்த கூட்டத்தில் அவரும் இருந்தார். பழகாதவர் என்கிறீர்கள். அவர் போட்ட கணக்குக்குள்தான் நாற்பது வருடம் குடியிருக்கிறேன்.

ஓவியர் லிம் ட்சே பெங் 103 வயதில், தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே இறந்தார். ஓவியத்தில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. சின்ன வயதில் சிங்கப்பூர் ஆற்றை அடைத்துக் கிடந்த தொங்கான்களை, அதாவது சரக்குப் படகுகளை, பார்த்திருக்கிறேன், என் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அவர் படங்களைக் காட்டலாம். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும்.

சரி, நம் ஆட்கள்.

நடனக் கலைஞர் சாந்தா பாஸ்கர் 2022 பிப்ரவரியில் காலமானபோது நான் எழுதவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது. கேரளத்திலிருந்து 1955இல் இங்கே வந்து, மூன்றே வருடத்தில் சீனர்களின் வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையைப் பரதநாட்டியமாக மேடையேற்றியவர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. "அவர்கள் கதை, அவர்களுக்கு ஆளில்லையா" என்று அவர் கேட்டிருந்தால் அந்த நாட்டியமே இல்லை. நான் எழுதாததற்குக் காரணம், நெருங்கிப் பழகியவர்கள் எழுதுவார்கள் என்று இருந்துவிட்டதுதான். அவர்களும் இதையே நினைத்திருப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்தவர் என்பதாலேயே யாரும் எழுதாமல் விடுகிறோம்.

எழுதாவிட்டால் கூட்டம் போடுகிறோம். ஓர் இரங்கல் கூட்டத்தில் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" எத்தனை முறை வருகிறது என்று விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது. மறைந்தவர் கவிஞரா, கடைக்காரரா என்று பேச்சிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. (பத்தாவது முறை சொன்னது நான். மேடையில் ஏறினால் வாய் தானாக அங்கே போய்விடுகிறது.)

உங்கள் ஆசிரியரை எனக்குத் தெரியாது. நான் எழுதினால் அந்தப் பதினோராவது இழப்பாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதுங்கள், இங்கேயே போடுகிறேன். "பண்பாளர்", "தமிழ்த் தொண்டர்" இரண்டும் வேண்டாம். உங்களை எந்தக் குறளை ஒப்பிக்க வைத்தார்? லகர ளகரத்தை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்? வகுப்பில் தமிழைத் தவிர வேறு மொழி பேசினால் என்ன செய்வார்? அவரைப் பார்த்து நீங்கள் பின்னால் பேசிச் சிரித்தது எது? அதையும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.