துளை வேலைப்பாட்டுக்கு எந்த ரம்பம்?

கேள்வி: என்னிடம் வட்ட ரம்பம், ஜிக் சா (கையில் பிடித்து வளைவாக அறுக்கும் மின் ரம்பம்), டிரில் மெஷின் ஆகியவை உள்ளன. இரண்டடி அகலமும் நாலடி உயரமும் கொண்ட பூஜை அலமாரிக் கதவில் கொடியும் பூவுமாகத் துளை வேலைப்பாடு செய்ய விரும்புகிறேன். இதற்காக ஸ்க்ரோல் சா (மேசைமேல் நிறுத்தி நுண்ணிய வளைவுகளை அறுக்கும் மின் ரம்பம்) ஒன்றும் வாங்கத்தான் வேண்டுமா? — வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் வரைந்திருக்கும் வடிவத்தின் மிகச் சிறிய வளைவைப் பாருங்கள், அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஜிக் சாவின் பிளேடு மேல்முனையில் மட்டுமே பிடிக்கப்பட்டிருப்பதால், நெருக்கமான வளைவுகளில் அதன் கீழ்முனை ஒதுங்கிவிடும். மேலே கோடு பிசகாமல் தெரிந்தாலும், பலகையைத் திருப்பினால் அறுப்பு சாய்ந்திருக்கும். அதன் பற்கள் பெரும்பாலும் மேல்நோக்கி அறுப்பவை என்பதால் பலகையின் முகத்தில் சிலாம்பும் பெயரும். ஸ்க்ரோல் சாவில் மெல்லிய பிளேடு இரு முனைகளிலும் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், இலை நுனி போன்ற இடங்களில் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே பலகையைத் திருப்பி அறுக்கலாம். ஆகவே பெரிய, தாராளமான வளைவுகள் மட்டும் என்றால் ஜிக் சாவே போதும். கொடியும் பூவும் என்றால் ஸ்க்ரோல் சா தேவை என்பதே என் கருத்து.

ஆனால் முழுக் கதவையும் அதில் வைத்து அறுக்க இயலாது. 16 அங்குல இயந்திரம் என்று விற்கப்படுவதில் அந்த அளவு பிளேடுக்கும் பின்புறத் தூணுக்கும் இடையிலான தூரம். நாலடிப் பலகையைச் சுழற்றினால் தூணில் இடிக்கும். எனவே வேலைப்பாட்டை ஓரடிச் சதுரப் பலகைகளாகப் பிரித்துச் செய்து, காடி (பலகையின் விளிம்பு உட்காரும் பள்ளம்) எடுத்த சட்டத்தில் பொருத்துவதே நல்லது. பலகையை அளவுக்கு வெட்ட வட்ட ரம்பம், ஒவ்வொரு திறப்பிலும் பிளேடு நுழையத் துளையிட டிரில், பிறகுதான் ஸ்க்ரோல் சா. உள் திறப்புகளில் சிறியவற்றை முதலில் அறுத்துப் பெரியவற்றைப் பின்னால் வைத்துக்கொண்டால், பலகை கடைசி வரை அதிராமல் உறுதியாக இருக்கும்.

வாங்கும்போது, முனையில் குறுக்கு ஊசி இல்லாத பிளேடையும் ஏற்கும் இயந்திரமா என்று கேளுங்கள். ஊசி வைத்த பிளேடு நுழைய ஏறத்தாழ 5 மி.மீ. துளை வேண்டும், பூவிதழின் நடுவே அவ்வளவு இடம் இருக்காது.

கேள்வி: ஸ்க்ரோல் சாவில் பிளேடு அடிக்கடி முறிகிறது, நேராகத் தள்ளினாலும் அறுப்பு கோட்டை விட்டு விலகுகிறது. ஏன்? — வாசகி, மதுரை

பதில்: முறிவதற்குப் பெரும்பாலும் பிளேடின் இழுவை (விறைப்பு) குறைவாக இருப்பதோ பலகையை அவசரமாகத் தள்ளுவதோதான் காரணம். பிளேடை விரலால் சுண்டினால் வீணைத் தந்திபோல் தெளிவான ஒலி எழ வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் முறுக்குங்கள். பற்கள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தலைகீழாக மாட்டினால் ஒவ்வொரு இழுப்பிலும் பலகை மேலே துள்ளும். 6 மி.மீ. ப்ளைவுட்டுக்கு 2 அல்லது 3ஆம் எண் பிளேடும், 18 மி.மீ. தேக்குக்கு 5 முதல் 7 வரையிலான எண்களும் பொருந்தும் (எண் கூடக் கூட பிளேடு பெரிது). ப்ளைவுட்டின் பசை பற்களை விரைவில் மழுக்கிவிடும் என்பதால், முறியும் வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

அறுப்பு விலகுவது உங்கள் கையின் குறையன்று. பிளேடு தயாராகும்போது அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிர் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். வீண் துண்டு ஒன்றில் நேர்க்கோடு வரைந்து அறுத்து, பலகையை எந்தச் சாய்வில் தள்ளினால் கோட்டிலேயே செல்கிறது என்று கண்டுகொண்டு, அந்தச் சாய்விலேயே வேலையைத் தொடருங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் ஸ்க்ரோல் சாவைப் பயன்படுத்தலாமா? — வாசகர், சென்னை

பதில்: பயன்படுத்தலாம். இயந்திரத்தைக் கனமான மேசையில் போல்ட் கொண்டு இறுக்கி, அடியில் ரப்பர் விரிப்பு இடுங்கள். அதிர்வும் சத்தமும் வெகுவாகக் குறையும். அதிலுள்ள ஊதுகுழல் கோட்டின் மீதுள்ள தூளை விலக்குமே தவிர அகற்றாது. அந்த நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், வாக்குவம் கிளீனரின் குழாயை மேசைக்கு அடியில் பொருத்தி, என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்தே வேலை செய்யுங்கள்.