பழைய நெட்வொர்க் கேமரா ரீசெட் ஆகவில்லையா? சுங்கை சிப்பூட் கேள்வி பதில்

கோயில் செயலவை: அண்ணே, கோயில் வாசலில் பழைய ஆக்சிஸ் கேமரா. பாஸ்வேர்டு போட்டவர் ஜோகூருக்கு மாறிப் போய்விட்டார். பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: பவர் ஓடும்போது அழுத்தியிருப்பீர்கள். முதலில் பவரைக் கழற்றுங்கள். பிஓஇ என்றால் நெட்வொர்க் கேபிளில்தான் பவர் வருகிறது, அதைத்தான் பிடுங்க வேண்டும். கன்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவர் கொடுங்கள். 15 முதல் 30 வினாடி விரலை எடுக்காதீர்கள். ஸ்டேட்டஸ் விளக்கு மஞ்சளாக மினுக்கியதும் விடுங்கள். பச்சையாக ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் பவரை வெட்டாதீர்கள். ரவுட்டர் முகவரி கொடுக்காவிட்டால் கேமரா பிரவுசரில் 192.168.0.90 என்ற முகவரியில் திறக்கும். அதற்கு லேப்டாப்பின் ஐபி முகவரியை 192.168.0.10, சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்று போடுங்கள். பழைய ஃபர்ம்வேரில், அதாவது கேமராவுக்குள் ஓடும் மென்பொருளில், பெயர் ரூட் (root), பாஸ்வேர்டு பாஸ் (pass), எல்லாம் சின்ன எழுத்து. உடனே மாற்றுங்கள்.

ஒட்டுக்கடை: ஹிக்விஷன் ரீசெட் செய்தேன் அண்ணே. தொழிற்சாலைப் பாஸ்வேர்டு 12345-ஐ ஏற்கவில்லை.

பதில்: 5.3.0 ஃபர்ம்வேரிலிருந்து அந்தப் பாஸ்வேர்டு கிடையாது தம்பி. ஹிக்விஷனின் எஸ்ஏடிபி (SADP) மென்பொருளைக் கணினியில் திறந்தால் கேமரா தெரியும், அங்கேயே ஆக்டிவேட் செய்து புதுப் பாஸ்வேர்டு வையுங்கள்.

தோட்ட அலுவலகம்: பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை.

பதில்: கோயிலுக்குச் சொன்னதுதான். பவரைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள்.

ஓர் அம்மா: ரீசெட்டுக்குப் பிறகு டியூப் லைட்டுக்குக் கீழே படத்தில் கோடு கோடாக ஓடுகிறது சார்.

பதில்: கேமரா அமைப்பு 60 ஹெர்ட்ஸுக்குத் திரும்பியிருக்கும். நம் மலேசிய மின்சாரம் 50. மாற்றுங்கள், கோடு போய்விடும். நேரத்தையும் ஜிஎம்டி+8 ஆக்குங்கள்.

லாரி பட்டறை: நான் ரவுட்டரில் போர்ட் 80-ஐ, அதாவது வெளியிலிருந்து கேமராவுக்கு வரும் வழியை, திறந்து கோலாலம்பூரிலிருந்து பார்க்கிறேன். இப்போது ரீசெட் செய்து சுத்தமாக்கிவிட்டேன், பிறகென்ன பயம்?

பதில்: ரீசெட் பாதுகாப்பு ஓட்டையை அடைக்காது! அமைப்புகள்தான் அழியும், பழைய ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். 2016-இல் மிராய் என்ற தீய நிரல் உலகெங்கும் கேமராக்களைப் பிடித்ததே தொழிற்சாலைப் பாஸ்வேர்டை வைத்துத்தான். நீங்கள் அந்தப் பாஸ்வேர்டுக்குத் திரும்பிவிட்டு வாசலையும் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

லாரி பட்டறை: கஷ்டமான பாஸ்வேர்டு போட்டால் போதாதா?

பதில்: போதாது. 2017-இல் ஹிக்விஷனில் வெளிவந்த ஓட்டை பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டது. போர்ட்டை மூடுங்கள், ரவுட்டரில் விபிஎன் என்ற பூட்டிய தனிவழி வைத்து அதன் வழியாகப் பாருங்கள். தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய கடைசி ஃபர்ம்வேரை ஏற்றுங்கள். மாடல் எண் ஓர் எழுத்து மாறினாலும் ஏற்றாதீர்கள், கேமரா செத்துவிடலாம்.

லாரி பட்டறை: போர்ட் எண்ணை 8099 ஆக்கினால்?

பதில்: எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. மூடுங்கள்.

மளிகைக் கடை: இரவானால் கேமரா தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ரீசெட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். இருட்டியதும் இரவில் படம் பிடிக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும், கரண்ட் கூடுதலாக இழுக்கும். நீளமான மெல்லிய கம்பியில் வரும்போது மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். இரவிலேயே கேமரா முனையில் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். குறைந்தால் தடித்த கம்பி போடுங்கள், அல்லது அடாப்டரைக் கேமரா பக்கம் நகர்த்துங்கள்.

இன்னொருவர்: டிவிஆர் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

பதில்: அது கேமரா இல்லை, படத்தைப் பதிவு செய்யும் ரெக்கார்டர். பொருத்தியவரைக் கேளுங்கள்.

இன்னொருவர்: அண்ணே, பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தியும்…

பதில்: பவரைக் கழற்றுங்கள். பிறகு அழுத்துங்கள்.