பணம் கட்டும் முன் கோர்ட் கோப்பைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 67. டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கார் என் பேரில், ஓட்டுவது பெரும்பாலும் என் மருமகன். போன வாரம் நானே ஓட்டி வந்தபோது ஹிகின்சன் ஹைவேயில் ரோடு பிளாக்கில் நிறுத்தினார்கள். வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஐந்து ஃபைன் பாக்கி, ஒன்றுக்கு வாரண்டும் இருக்கிறது என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். உடனே கட்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். கையில் பணம் இல்லை. வயதைப் பார்த்து விட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு சம்மனும் வந்ததே இல்லை. மொத்தமாகக் கட்டிவிடலாமா? கட்டினால் என் பேரில் குற்றப் பதிவு விழுமா? கோர்ட் பதிவை இணையத்திலேயே பார்த்துவிடலாம் என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன். இங்கே எங்கே போய்ப் பார்ப்பது?

பதில்: ஐயா, அன்று உங்கள் கையில் பணம் இல்லாமல் போனது நல்லதாயிற்று. அந்தத் தாளில் ஐந்து வரியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சட்டப்படி அவை ஒரே வகை அல்ல. எது என்ன என்று தெரியாமல் மொத்தமாகக் கட்டினால், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடலாம். முதலில் கோப்பைப் பாருங்கள், பணத்தைப் பிறகு பார்க்கலாம்.

டர்பன் பக்கம் இதுவரை வழக்கமாக வரும் ஃபைன் தாள்கள் தென்னாப்பிரிக்காவின் 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி எழுதப்படுபவை. தாளின் தலைப்பில் பிரிவு எண் இருக்கும். 341 என்றிருந்தால் அது தபாலில் வந்த கேமரா ஃபைன், அல்லது கண்ணாடியில் செருகிவிட்டுப் போன பார்க்கிங் ஃபைன். கிடைத்த 30 நாளுக்குள் கட்டினால் வழக்கே கிடையாது, தீர்ப்பும் கிடையாது. கட்டாவிட்டாலும் அதை வைத்தே வாரண்ட் போட முடியாது, அடுத்தபடியாகச் சம்மன் அனுப்பியாக வேண்டும். 56 என்றிருந்தால் அதிகாரி சாலையில் நிறுத்தி நேரில் எழுதிக் கொடுத்தது. அதில் கோர்ட் தேதியும், எந்தத் தேதிக்குள் கட்டலாம் என்பதும் இருக்கும். 54 என்றிருந்தால் அது சம்மன்.

56-க்கும் 54-க்கும் நீங்கள் கட்டும் பணம் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். 57-ஆம் பிரிவின்படி கோர்ட் குமாஸ்தா அதைப் பதிவேட்டில் ஏற்றியதும் நீங்கள் குற்றவாளி எனத் தீர்ப்பானதாகவே கொள்ளப்படும். சிறிய டிராஃபிக் ஃபைனுக்கு யாரும் கைரேகை எடுப்பதில்லை, ஆகவே போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழில் அது வராது. அந்த வகையில் நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் குடித்துவிட்டு ஓட்டியது, கண்மூடித்தனமாக ஓட்டியது போன்றவற்றை இப்படிக் கட்டித் தீர்க்க முடியாது. ஐந்தில் அப்படி ஒன்று இருந்தால் வக்கீல் இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள்.

இப்போது வாரண்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் "ஒரு சம்மனும் வந்ததே இல்லை" என்ற வரி. சம்மனைத் தபாலில் போட்டால் போதாது. அதைக் கொண்டுவருபவர் உங்கள் கையில் தர வேண்டும். நீங்கள் அகப்படாவிட்டால் வீட்டிலோ வேலையிடத்திலோ 16 வயதுக்கு மேல் தோன்றும், அங்கேயே இருக்கிற ஒருவர் கையில் தரலாம். விசாரணை நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாகத் தந்திருக்க வேண்டும், அதில் ஞாயிறும் அரசு விடுமுறையும் சேராது. யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தார் என்று அவர் எழுதித் தரும் தாளை ரிட்டர்ன் ஆஃப் சர்வீஸ் என்பார்கள். அந்தத் தாளை நம்பித்தான் மாஜிஸ்திரேட் வாரண்டில் கையெழுத்துப் போடுகிறார்.

என்னிடம் வந்த ஓர் அம்மாவின் கோப்பு இன்னும் நினைவிருக்கிறது. பழுப்பு அட்டைக்குள் நாலே தாள். மூன்றாவது தாளில் நீல மையில், "மகளிடம் கொடுத்தேன், 16 வயதுக்கு மேல்" என்று எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு இரண்டு பையன்கள், பெண் பிள்ளையே கிடையாது. அஃபிடவிட் (சத்தியம் செய்து தரும் வாக்குமூலம்) எழுதி, பிராசிக்யூட்டரிடம் (அரசு வக்கீல்) காட்டி, அன்றே மாஜிஸ்திரேட் முன் நின்றோம். வாரண்ட் ரத்தானது. அந்த அம்மா மட்டும் கோப்பைப் பார்க்காமல் பணத்தைக் கட்டியிருந்தால் அந்த வரியை யாரும் படித்தே இருக்க மாட்டார்கள்.

அந்தக் கோப்பை எங்கே பார்ப்பது? அமெரிக்காவில் பல கவுண்டி கோர்ட்டுகள் பேரைப் போட்டால் இணையத்திலேயே வழக்கைக் காட்டும், உங்கள் அண்ணன் மகன் சொல்வது அங்கே சரி. நம் மாஜிஸ்திரேட் கோர்ட் டிராஃபிக் கோப்புகளுக்கு அந்த வசதி இல்லை. பேசிட்டி, வியூஃபைன்ஸ் போன்ற தளங்களில் பாக்கித் தொகையும் சில ஃபைன்களுக்குப் படமும் தெரியும். அதை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள், கோர்ட் பதிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செல்போனில் "உங்கள் ஃபைன் பாக்கி, இங்கே தட்டுங்கள்" என்று வரும் செய்தியைத் திறக்கவே வேண்டாம்.

குற்றம் எங்கே நடந்ததாகச் சொல்கிறார்களோ அந்த வட்டாரத்து கோர்ட்டில்தான் கோப்பு இருக்கும். சாட்ஸ்வொர்த், வெருலம், பைன்டவுன் எல்லாவற்றுக்கும் தனித்தனி கோர்ட் உண்டு. நகரத்துக்குள் என்றால் சொம்ட்சு ரோட்டில் இருக்கும் டர்பன் கோர்ட். தாளில் கோர்ட் பேர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐடி, டிரைவிங் லைசன்ஸ், அந்தத் தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு குற்றவியல் பிரிவு குமாஸ்தாவிடம் வழக்கு எண்ணைக் கேளுங்கள். எண் கிடைத்ததும் சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை), ரிட்டர்ன் ஆஃப் சர்வீஸ், வாரண்ட் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். "அதெல்லாம் காட்ட மாட்டோம்" என்று யாராவது சொன்னால் கோபப்படாமல் 1944-ஆம் ஆண்டு மாஜிஸ்திரேட் கோர்ட் சட்டத்தின் 7-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். குறித்த கட்டணத்தைக் கட்டினால், அலுவலர் மேற்பார்வையில் கோர்ட் பதிவைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று அதில் இருக்கிறது. கேமரா படம் கோர்ட்டில் இருக்காது. ஃபைன் எழுதிய மெட்ரோ போலீஸிடமோ மாகாண டிராஃபிக் துறையிடமோதான் அதைக் கேட்க வேண்டும். படம் வந்ததும் நம்பரோடு நிறுத்தாமல் வண்டியின் நிறம், மாடல், பம்பரில் இருக்கும் கீறல் வரை பாருங்கள். அடுத்தவர் நம்பர் பிளேட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இந்த நாட்டில் குறைவில்லை.

மருமகன் ஓட்டியது உங்கள் தலையில் விழுவதற்கும் காரணம் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி, வேறு விதமாக நிரூபிக்கும்வரை வண்டியின் சொந்தக்காரரே ஓட்டியதாகக் கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு ஃபைனுக்கும் தனித்தனி அஃபிடவிட் எழுதுங்கள். அன்றைக்கு, அந்த நேரத்தில் ஓட்டியவர் யார், அவர் ஐடி எண், முகவரி என்ன என்று எழுதி அவர் லைசன்ஸ் நகலையும் இணையுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே சத்தியம் வாங்கி முத்திரை போட்டுத் தருவார்கள். மருமகனிடம் முதலில் பேசிவிட்டு எழுதுங்கள், ஐயா. வீட்டுக்குள் மனஸ்தாபம் ஃபைனைவிடப் பெரிய செலவு. அவர் ஓட்டாத நாளுக்கு அவர் பேரை எழுதிவிடவும் கூடாது, பொய்ச் சத்தியம் தனிக் குற்றம்.

உண்மையிலேயே செய்த குற்றமாக இருந்தாலும் தொகை அதிகம் என்றால் பிராசிக்யூட்டருக்கு ஒரு கடிதம் எழுதலாம். தக்க காரணம் காட்டினால் தொகையைக் குறைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஓய்வூதியத்தில் வாழ்வது தக்க காரணம்தான், வங்கிக் கணக்கு அறிக்கையை இணையுங்கள். கோர்ட் தேதிக்கு முன்பே கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்று தேதியைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

ஐந்தில் ஏதாவது ஜோஹானஸ்பர்க்கிலோ ட்ஷ்வானேயிலோ எழுதப்பட்டிருந்தால் அது ஆர்ட்டோ (AARTO) என்ற தனி டிராஃபிக் ஃபைன் சட்டத்தில் வரும். அதில் 32 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான். கண்டுகொள்ளாமல் விட்டால் கடைசியில் அமலாக்க ஆணை வந்து லைசன்ஸ் டிஸ்க் (வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டு) புதுப்பிப்பது நின்றுபோகும். 2023 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதை நாடு முழுவதும் கொண்டுவரும் தேதி பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. ஆகவே எந்தச் சட்டம் என்பதை ஊரை வைத்து ஊகிக்காமல் தாளின் தலைப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுபடி ரோடு பிளாக்கில் நிறுத்தினால், வாரண்ட் இல்லாத ஃபைனை அங்கேயே கட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வாரண்ட் என்று சொல்லிக் கைது செய்தால் நகல் கேளுங்கள், கேட்டால் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. கோர்ட்டில் வாரண்ட் ரத்தானதும் அந்த உத்தரவின் நகலை வண்டியிலேயே வையுங்கள். கணினியில் பேர் நீங்க நாளாகும்.

கோர்ட்டுக்குத் திங்கள் அல்லது செவ்வாய் காலையில், மாஜிஸ்திரேட் வந்து உட்காருவதற்கு முன்பே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்றாலும், அந்த நேரம் சனி, ஞாயிறில் முடிந்தால் திங்கள்வரை நீளும். தானாக வந்து நிற்பவரை அடைப்பது வழக்கமில்லை. ஆனாலும் உங்கள் வயதில் அந்த மூன்று இரவை நாம் பணயம் வைக்க வேண்டாம். மருமகனையும் கூட அழைத்துப் போங்கள், மாத்திரை டப்பாவை மறக்காதீர்கள்.