டேலியும் வேண்டும், தனியுரிமையும் வேண்டும்: விண்டோஸா, லினக்ஸா?

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது. என் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏற மாட்டேன் என்கிறது. விண்டோஸ் நம்மை வேவு பார்ப்பதாகவும் சொல்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறிவிடலாமா? சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், டேலி கட்டாயம் வேண்டும்.

பதில்: டேலி கட்டாயம் என்று நீங்களே எழுதிவிட்டதால் பாதி முடிவு ஆகிவிட்டது. டேலிபிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவுவது) போன்றவற்றின் உதவியால் அதை லினக்ஸில் ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளில் அது மக்கர் செய்தால் கடைக்காரரிடம் யார் பதில் சொல்வது? ஆகவே ஏதோ ஒரு கணினியில் விண்டோஸ் இருந்தே தீரும். மற்ற வேலைகளை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று யோசிப்போம்.

விண்டோஸ் மேல் சொல்லப்படும் புகார் வெறும் வதந்தி இல்லை. விண்டோஸ் 10 தகவல் சேகரிக்கும் விதம் தங்கள் சட்டத்தை மீறுகிறது என்று நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் சொன்னது. இன்றும் ஹோம், ப்ரோ பதிப்புகளில் கண்டறிதல் தகவல் (கணினி எப்படி இயங்குகிறது என்று மைக்ரோசாஃப்டுக்குப் போகும் விவரம்) அனுப்புவதைக் குறைக்கலாமே தவிர, முழுதாக நிறுத்த முடியாது. அந்த வசதி என்டர்பிரைஸ், எஜுகேஷன் போன்ற பதிப்புகளுக்குத்தான். 2025 அக்டோபர் 14-இல் முடிந்த ஆதரவை வீட்டுப் பயனாளர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பதாக அறிவித்தபோது மைக்ரோசாஃப்ட்காரர்கள் மூன்று வழிகள் வைத்தார்கள்: 30 டாலர் கட்டலாம், ரிவார்ட்ஸ் என்ற அவர்களுடைய பரிசுப் புள்ளிகள் ஆயிரம் கொடுக்கலாம், அல்லது கணினி அமைப்புகளை அவர்களுடைய கிளவுடில் சேமித்தால் இலவசம். காசு கட்டினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையாமல் பதிய முடியாது. பேரம் எதற்கு நடக்கிறது என்று புரிகிறதல்லவா?

சரி, லினக்ஸ் என்றால் எல்லாம் பத்திரமா? பெயரிலேயே பத்திரம் வந்துவிடாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 2012-இல் வந்த 12.10 பதிப்பு, உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு கோப்பைத் தேடினாலும் அந்தத் தேடல் சொல்லை இணையத்துக்கு அனுப்பி அமேசான் பொருட்களையும் சேர்த்துக் காட்டியது. கண்டனம் எழுந்து, 2016-இல் 16.04 பதிப்பில்தான் அது இயல்பாகவே அணைக்கப்பட்டது.

கணக்கு எழுதுபவருக்கு நான் இதைவிடப் பெரிதாக நினைப்பது வட்டுக் குறியாக்கத்தை, அதாவது கடவுச்சொல் இல்லாமல் வட்டில் இருப்பதைப் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பதை. ரெட்மண்டில் உள்ள மைக்ரோசாஃப்ட் தலைமையகத்தில் யாரோ உங்கள் டேலியைப் பார்ப்பதைவிட, பேருந்தில் மடிக்கணினி தொலைவதற்கு வாய்ப்பு அதிகம். லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது குறியாக்கத்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போனால் குறியாக்கம் இல்லாமல்தான் நிறுவப்படும், பிறகு சேர்ப்பது பெரும்பாடு. அப்படிப்பட்ட கணினியை எடுத்தவர் ஒரு பென்டிரைவில் வேறு லினக்ஸைப் போட்டு ஏற்றினால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் அவர் கையில். நுழையும்போது கேட்கும் கடவுச்சொல் அங்கே தடுக்காது.

புது விண்டோஸ் 11 கணினிகளிலோ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே பெரும்பாலும் குறியாக்கம் தானாக வந்துவிடுகிறது. ஆனால் மீட்புச் சாவியின் (பூட்டிய வட்டைத் திறக்கும் நீண்ட எண்) நகல் அந்தக் கணக்கில் போய் உட்காரும். தனியுரிமை பேசுபவர்களுக்கு இது பிடிக்காது, நியாயம்தான். மறதிக்காரருக்கு இதே ஏற்பாடுதான் உயிர்காக்கும். மின்டில் குறியாக்கச் சொல்லை மறந்தால் யாரிடமும் போய் நிற்க முடியாது, தரவு போனது போனதுதான். இரண்டில் எந்த இழப்பைத் தாங்குவீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். நானாக இருந்தால் மின்டில் குறியாக்கம் போட்டு, அந்தச் சொல்லைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுவேன்.

அப்புறம், வசதிக்குறைவே தனியுரிமையைத் தின்னும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புது இயங்குதளத்தில் இரண்டு பிடிஎஃப்களை இணைக்கத் தெரியவில்லை என்று வையுங்கள். என்ன செய்வோம்? கூகுளில் தேடி, முதலில் வரும் இணையதளத்தில் வங்கி அறிக்கையையும் ஆதார் நகலையும் ஏற்றுவோம். பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் வந்த கடிதம் குப்பையாகத் தெரிந்தால் அதையும் ஏதோ ஒரு மாற்றித் தளத்தில் ஒட்டுவோம். விண்டோஸ் அனுப்பும் கண்டறிதல் தகவலைவிட இது எவ்வளவோ மோசம். அதனால் மாறுவதாக இருந்தால், நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளுக்குக் கணினிக்குள்ளேயே ஓடும் மென்பொருளை முதல் நாளே போட்டுவிடுங்கள். மின்டின் மென்பொருள் மேலாளரில் பிடிஎஃப் அரேஞ்சர் இருக்கிறது, இணைக்கவும் பிரிக்கவும் அது போதும். தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய, ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் இரண்டையும் சேர்த்தால் வேலை நடக்கும்.

உங்கள் நிலைமைக்கு நான் செய்யக்கூடியது இதுதான். எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தைய செயலி உள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கி அதில் விண்டோஸ் 11, டேலி. வேலைக்கென்றே தனியாக ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு. விருப்பக் கண்டறிதல் தகவல், விளம்பர அடையாளம் இரண்டும் அணைத்தபடி. சொந்த மின்னஞ்சல், சொந்த வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் எதுவும் அதில் கூடாது. அவையெல்லாம் பழைய மடிக்கணினிக்கு, அதில் மின்ட். அங்கேயும் குரோமைத் திறந்து கூகுள் கணக்கில் நுழைந்தே உட்கார்ந்திருந்தால் கூகுளுக்கு ஒன்றும் குறையப் போவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, அதில் விளம்பரங்களையும் பின்தொடர்தலையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்று ஆரம்பியுங்கள்.

டெய்ல்ஸ், கியூப்ஸ் போன்ற கடும் பாதுகாப்பு இயங்குதளங்கள் பற்றி யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பத்திரிகையாளர்களுக்கும் ஆபத்தில் இருப்பவர்களுக்கும் உரியவை அவை.

மின்டை நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஏற்றி, வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கனை அதிலும் செருக நினைத்தால், லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வட்டை அழிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.