தீயணைப்பான் தூளை முதலில் ஈரத் துணியால் தொடாதீர்கள்

சமையலறையில் தீயணைப்பு சிலிண்டரை அடித்தபின் வீடெங்கும் படிந்த தூளை ஈரத் துணியால் துடைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எடுத்த எடுப்பிலேயே ஈரம் பட்டால் வேலை இரட்டிப்பாகும். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஏபிசி வகை (மரம், எண்ணெய், கேஸ் என மூன்று விதத் தீக்கும் ஆன தூள்) என்பதால் உங்களுடையதும் அதுதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அதில் முக்கியச் சரக்கு மோனோ அம்மோனியம் பாஸ்பேட். ஈரத்தை இழுத்துக்கொண்டால் அமிலத்தன்மையுள்ள பசையாகி செம்பு, பித்தளை, அலுமினியத்தை அரிக்கும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஃபேனைப் போடாதீர்கள். ஜன்னலைத் திறந்து, என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, மெல்லிய பிரஷ்ஷால் முறத்தில் மெதுவாக வாருங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் உதவாது. தூள் அவ்வளவு நைசு, வடிகட்டி வழியாகவே திரும்ப அறைக்குள் வந்துவிடும். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருந்தால் சரி.

வாரி முடித்த பிறகுதான் தண்ணீர். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துத் துடைத்தால் அமிலம் முறியும். லேசாக அம்மோனியா வாடை வரலாம், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அப்புறம் சோப்பு நீர், கடைசியில் நல்ல தண்ணீர், உடனே உலர்ந்த துணி. சிலிண்டரில் பிசி என்று மட்டும் போட்டிருந்தால் கதை தலைகீழ்: அது பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட், காரம். அதற்கு லிட்டருக்கு 20 மில்லி வினிகர். மார்பிள், மொசைக் தரையில் வினிகர் வேண்டாம், பாலிஷ் போய்விடும்.

தரை பளிச்சென்று ஆகவேண்டும் என்று பிளீச்சிங் பவுடரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஏபிசி தூளின் அம்மோனியத்தோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். டாய்லெட் கிளீனரும் இதன் பக்கத்தில் வரக்கூடாது.

அடுப்பில் சூட்டுக்கு உருகி ஒட்டிய இடங்களில், ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் (எலக்ட்ரானிக் பொருள்களைத் துடைக்கும் ஸ்பிரிட்) தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுச் சுரண்டுங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும், கேஸ் ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும்.

மிக்ஸி, மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் விசிறி தூளை நேராக மின்சுற்று போர்டுக்கு இழுக்கும். பிளக்கைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுங்கள். போர்டை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால்தான் கழுவ வேண்டும். திறந்து கிடந்த அரிசி, மாவு, காய்கறி எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.

"இது வயலுக்குப் போடும் உரம்தானே, இதற்கு இவ்வளவா?" என்று யாராவது கீழே எழுதுவார்கள். உரம்தான், பெரிய விஷமில்லை. நான் சொல்வது அரிப்பைப் பற்றி.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன், மனசு பொறுக்கவில்லை. பாதிதான் அடித்தோம் என்று சிலிண்டரைத் திரும்ப மாட்டாதீர்கள். வால்வில் தூள் சிக்கி அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். ரீஃபில் என்று வாங்கிப்போய் ஸ்டிக்கரை மட்டும் மாற்றி ஒட்டி, முழுப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உயிர் விஷயத்தில் இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறதோ. உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள், நிரப்பும் முன்னும் பின்னும் எடை போடச் சொல்லுங்கள், அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்பதைப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.