முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறதா?

"ஒரு செல்லில் இரண்டு பல்புகளை வரிசையாக இணைத்தால் இரண்டுமே மங்கலாக எரிகின்றன. மின்னோட்டத்தில் பாதியை முதல் பல்பே செலவழித்துவிடுவதுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. மின்னோட்டம் செலவாவதே இல்லை; செலவாவது ஆற்றல். பள்ளிப் பாடத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

முதல் பல்பு பாதியை எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்தது இன்னும் மங்கலாக அல்லவா எரிய வேண்டும்? ஒரே மாதிரிப் பல்புகள் என்றால் இரண்டும் ஒரே பிரகாசத்தில்தான் எரிகின்றன. மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வையுங்கள், நடுவில் வையுங்கள், கடைசியில் வையுங்கள்; முள் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

சைக்கிள் செயினைப் பாருங்கள். மிதிக்கிற விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது, ஆனால் வழியில் ஒரு கண்ணிகூடக் குறைவதில்லை. எலக்ட்ரான்களும் அப்படித்தான். செல்லிலிருந்து கிளம்பி பல்புக்கு வந்து சேர வேண்டியதில்லை, கம்பி முழுக்க ஏற்கெனவே இருக்கின்றன. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அவை நொடிக்கு 0.1 மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை! ஆனாலும் ஸ்விட்ச் போட்டதும் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதால் பல்பு உடனே எரிகிறது.

சரி, மங்கல் ஏன்? 1.5 வோல்ட் செல் என்றால், சுற்றி வரும் ஒவ்வொரு கூலூம் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு) மின்னூட்டத்துக்கும் 1.5 ஜூல் ஆற்றல் கொடுக்கிறது என்று பொருள். ஒற்றைப் பல்பு என்றால் அது முழுதும் அதற்கே. இரண்டு இருந்தால் ஆளுக்கு 0.75 ஜூல். போதாததற்குச் சுற்றின் மொத்த மின்தடை கூடிவிடுவதால் நொடிக்கு வரும் கூலூம்களும் குறைகின்றன. இப்படி இரண்டு பக்கமும் அடி விழுவதால்தான் வெளிச்சம் அவ்வளவு இறங்குகிறது.

நீங்களே அளந்து பார்த்தால் (செல்லை வைத்து மட்டும் செய்யுங்கள், வீட்டு மின்சாரத்தில் கை வைக்கவே வேண்டாம்) மின்னோட்டம் ஒற்றைப் பல்பில் ஓடியதில் சரிபாதியாகாமல் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அளவீடு தப்பு என்று நினைத்து எண்ணை மாற்றி எழுதிவிடாதீர்கள். இழைப் பல்பு சூடு குறைந்தால் அதன் மின்தடையும் குறையும், அதன் விளைவுதான் இது.

அப்புறம், அதே பல்புகளைப் பக்க இணைப்பில் (ஒவ்வொரு பல்பையும் தனித்தனியே செல்லின் இரு முனைகளோடு இணைத்து) போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முழு 1.5 வோல்ட் கிடைப்பதால் இரண்டும் பிரகாசமாக எரியும். ஒரு பல்புக்கு 0.2 ஆம்பியர் தேவை என்றால், இப்போது செல் 0.4 ஆம்பியர் கொடுத்தாக வேண்டும். அதனால் செல் சீக்கிரம் தீர்ந்துபோகும்.